தலையில் வைக்க முடியாத பூ

லிசியாந்தஸ் என்ற பெயரை முதல் தடவை கேட்டபோது ஏதோ இருமல் மருந்து என்றுதான் நினைத்தேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். நாமெல்லாம் மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி என்று பார்த்து வளர்ந்தவர்கள். நமக்குப் பூ என்றால் ஒன்று தலைக்கு, இல்லை சாமிக்கு, அதுவும் இல்லையென்றால் செத்தவர்களுக்கு. நீளக் காம்போடு வெட்டி, தண்ணீரில் நிற்க வைத்து, சும்மா பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு பூ என்பது எங்கள் நன்னிலத்துப் பழக்கத்தில் கிடையவே கிடையாது.

அந்தப் பூவை எங்கள் வீட்டுக் கொல்லையில் வளர்க்கப் போய் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். நாளைக்கு இன்டர்னல் இருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம் :)

2022 கடைசியில் தோழியின் அக்காவுக்குத் தஞ்சாவூரில் ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஊதா, வெள்ளை, வெளிர் சிவப்பு என்று பூ. ரோஜா என்று நினைத்துக் கிட்டே போனேன். முள் இல்லை. முகர்ந்து பார்த்தேன், வாசனையும் இல்லை. இலை மட்டும் சாம்பல் பூசின மாதிரி ஒரு வெளிறிய பச்சை. டெக்கரேஷன் பண்ணின பையனிடம் கேட்டேன். "ரோஸ் இல்லக்கா, லிசியாந்தஸ். பெங்களூர்லேருந்து வருது" என்றான். கூட்டம் கலைந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டு வாங்கி இரண்டு காம்பை எடுத்துக்கொண்டு கும்பகோணம் வழியாக பஸ் பிடித்தேன்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி சமையலறை ஜன்னலில் வைத்தேன். எங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜா காலையில் பூத்தால் மறுநாள் சாயங்காலம் உதிர்ந்துவிடும். இது ஒரு வாரம் நின்றது. பத்து நாள் நின்றது. மொட்டாக இருந்ததுகூட பாட்டிலுக்குள்ளேயே விரிந்தது. பதினாலாம் நாள்தான் இதழ் சுருங்க ஆரம்பித்தது. அதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

இங்கே எங்கள் அப்பாயியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் அம்மா. பூக்காரி. (எங்கள் பக்கம் பாட்டியை 'அது' என்றுதான் சொல்வோம். 'அப்பாயி வந்துச்சு', 'அப்பாயி சொல்லுச்சு'. மரியாதைக் குறைவு என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், பாசம்தான்.) மதுவனேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் சாயங்காலம் நாலு மணிக்குக் கூடையோடு உட்கார்ந்தால் ஏழரை மணிக்குத்தான் எழுந்திருக்கும். உதிரிப்பூ கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வரும். வாழை நாரை நனைத்து மடியில் போட்டுக்கொண்டு, வாய் ஊர்க்கதை பேசும், கண் தெருவைப் பார்க்கும், கை மட்டும் தானாகக் கட்டும். மல்லி ரெண்டு, கனகாம்பரம் ரெண்டு, நடுவில் மரிக்கொழுந்து என்று அது கட்டுகிற கதம்பத்தை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். தஞ்சாவூர்க் கதம்பம் என்று பேர் போனது சும்மாவா? முழம் போடுவதிலும் தாராளம். கை நீளம் போதாதென்று விரலுக்கு அப்பால் இரண்டு கண்ணி விட்டுத்தான் அறுக்கும்.

எங்கள் ஊருக்கும் பூவுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. தேவர்கள் தேனீக்களாக மாறிச் சிவனைக் கும்பிட்ட இடம் என்பது கோயில் தலபுராணம். மதுவனம் என்ற பெயர் அதனால்தான். ரயிலில் மயிலாடுதுறைப் பக்கம் போனால் அடுத்த ஸ்டேஷன் பேரே பூந்தோட்டம். (கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் பரீட்சைக்கு முன்னால் பேனாவோடு ஓடுகிறோமே, அதற்கு இறங்குகிற அதே பூந்தோட்டம்தான்.)

அப்பாயி அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை முதல் நாளே பார்த்துவிட்டது. காம்பை உருட்டிப் பார்த்தது. தலையை ஆட்டிப் பார்த்தது.

"என்னா பாப்பா இது, தல கனமா இருக்கு, காம்பு வழவழன்னு இருக்கு. நார்ல நிக்காதே. இத எப்புடிக் கட்டுறது?"

"கட்டுற பூ இல்ல அப்பாயி. சும்மா வெக்கிறது."

"சும்மா வெச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

பி.எஸ்.சி. தாவரவியல் படிக்கிறவள் என்பதால் முதலில் குடும்பம் பார்த்தேன். ஜென்ஷியானேசி. அட, இது நமக்குத் தெரிந்த குடும்பமாச்சே! ஹெர்பேரியத்துக்காக வரப்பில் பிடுங்கி ஒட்டினோமே வெள்ளருகு, அதே குடும்பம். சர்க்கரைக்கு நல்லது என்று ஊரில் கஷாயம் வைத்துக் குடிக்கிற, வாயில் வைத்தால் முகம் கோணிப்போகிற கசப்புச் செடி. இலைக்கணுவில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அந்த ஏழைச் சொந்தக்காரிக்கு மண்டபத்து மேடையில் நிற்கிற இப்படி ஒரு பணக்காரத் தங்கை இருப்பது யாருக்குத் தெரியும்?

லிசியாந்தஸ் என்பது கடைக்காரப் பெயர். தாவரவியல் பெயர் யூஸ்டோமா. கிரேக்கத்தில் 'நல்ல வாய்' என்று அர்த்தமாம். நல்ல வாய்க்கு நல்ல நிலம் பொருத்தம்தானே என்று நானே சிரித்துக்கொண்டேன். சொந்த ஊர் அமெரிக்காவின் புல்வெளிகள், டெக்சாஸ் பக்கமும் மெக்சிகோவின் வடக்கும். அங்கே காட்டுப்பூவாக ஊதா நிறத்தில் பூக்கும். அழகுக்காக ஆட்கள் பறித்துப் பறித்தே பல இடத்தில் குறைந்துபோனது என்பார்கள். 1930-களில் விதை ஜப்பானுக்குப் போனது. அவர்கள் விடுவார்களா? அடுக்கடுக்காக, ரோஜா மாதிரி, கலர் கலராக ஆக்கிவிட்டார்கள். ஜப்பானில் அதற்குப் பெயர் 'தொருகோ கிக்யோ'. தொருகோ என்றால் துருக்கி. துருக்கிக்கும் இந்தப் பூவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் ஊரில் சீமை என்று எதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம், அந்த மாதிரி போல.

2023 மார்ச்சில் ஆன்லைனில் 50 விதை வாங்கினேன். விதை என்றா சொன்னேன், தூசி. ஒரு கிராமில் இருபதாயிரம் அளவுக்கு இருக்கும். இதற்கு முன்னால் கடுகு பூசணிக்காய் மாதிரி. கையால் எடுக்க முடியாது என்பதால் மேலே களிமண் பூசி மாத்திரை மாதிரி உருட்டித்தான் விற்கிறார்கள். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், அதனால் மண்ணால் மூடக் கூடாது. மேலே வைத்துத் தண்ணீர் தெளித்தால் பூச்சு கரையும், விதை தெரியும்.

பன்னிரண்டாம் நாள் முளைத்தது. 31 நாற்று. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், வகுப்பில் போட்டோ காட்டிவிட்டேன். ஏப்ரலில் இரண்டு ஜோடி இலை. மே மாதம் இன்னும் இரண்டு ஜோடி. ஜூன் மாதம் இலைகள் அகலமாகி மண்ணோடு மண்ணாக அப்பிக்கொண்டன. குட்டி முட்டைக்கோஸ் மாதிரி. தண்டு வரும் வரும் என்று ஜூலை முழுக்கக் காத்திருந்தேன். உரம் வைத்தேன். கெஞ்சினேன். ஆவணியில் ஒவ்வொன்றாக அடி கறுத்து அழுகியது. கடைசி ஒன்றைப் பிடுங்கிப் போட்ட அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. வகுப்பில் "உன் கோஸ் பொரியல் எப்போ?" என்று கேட்ட புண்ணியவதி இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும், உனக்கு இருக்கிறது.

விற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பாதான் வேறு மாதிரி யோசித்தார். அவருக்கு லிசியாந்தஸ் தெரியாது, நெல் தெரியும்.

"குறுவை ரகம் நாளை எண்ணும். நூத்திப்பத்து நாளுன்னா நூத்திப்பத்து நாள், எப்பப் போட்டாலும் கதிர் வந்துடும். பழைய சம்பா அப்படி இல்ல. நீ ஆடியில போட்டாலும் ஆவணியில போட்டாலும், பொழுது குறுகுற வரைக்கும் அது பாட்டுக்கு தூர் கட்டிக்கிட்டு நிக்கும். உன் செடியும் எதுக்கோ காத்துக்கிட்டு இருந்திருக்கு. எதுக்குன்னு பாரு."

பார்த்தேன். அப்பா சொன்னது சரி. அது காத்திருந்தது குளிருக்கு. சொந்த ஊரில் நாற்றாக இருக்கும்போது பனிக்காலம் வரும். தரையோடு ஒட்டிக்கொண்டு அதைக் கடத்திவிட்டு, வசந்தத்தில் தண்டு விடும். சின்ன நாற்றாக இருக்கும்போது பகலில் 28, இரவில் 22 டிகிரிக்கு மேல் சூடு பட்டுவிட்டால், 'இது தண்டு விடுகிற காலம் இல்லை' என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிடும். பிறகு சில வாரம் நல்ல குளிர் கிடைத்தால்தான் எழுந்திருக்கும். நன்னிலத்தில் குளிருக்கு எங்கே போவது? மார்கழி நடு ராத்திரியிலேயே எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் 20, 21 காட்டும். என் 31 செடியும் வராத ஒரு மார்கழிக்காக ஆறு மாதம் உட்கார்ந்திருந்து செத்திருக்கிறது.

இந்தப் பிரச்சினை ஜப்பான்காரர்களுக்கும் இருந்திருக்கிறது. அங்கேயும் கோடையில் நாற்று விட வேண்டியிருக்கிறதே. அவர்கள் கண்டுபிடித்த வழி, நாற்றுக்குப் பதில் விதைக்கே குளிர் காட்டுவது. ஈர மண்ணில் விதையைப் போட்டு, இருட்டில், 10 டிகிரியில், 5 வாரம். அப்புறம் வெளியே எடுத்து முளைக்கவிட்டால் சூட்டைக் கொஞ்சம் தாங்கிக்கொண்டு தண்டு விடும்.

10 டிகிரி, இருட்டு, ஈரம். அட, அது எங்கள் ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கிற அடித்தட்டு!

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. 100 விதை, இந்தத் தடவை ஊதா. தென்னைநார்க் கழிவு நிரப்பின இரண்டு குழித்தட்டு, மேலே பாலித்தீன், கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. அம்மாவுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "சாப்பிடுற சாமான் வெக்கிற இடத்துல மண்ணை வெக்கிறாளே!" தீபாவளி சமயம் வேறு. இட்லி மாவுக்கு இடமில்லை. தினம் ஒரு தடவை அந்தத் தட்டு வெளியே வரும், தினம் ஒரு தடவை நான் உள்ளே வைப்பேன்.

அம்மா மட்டும் இல்லை, வீடே சரியில்லாத நேரம் அது. அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தார்கள். நான் விதையை உள்ளே வைத்த இரண்டாம் நாள், அக்டோபர் 10-ல், அணையில் தண்ணீர் இல்லை என்று மூடிவிட்டார்கள். சம்பாவை நம்பி விதைத்தவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாயங்காலம் வாய்க்கால் வரைக்கும் போய்விட்டுப் பேசாமல் வந்து உட்காருவார். அந்த நேரத்தில் ஒருத்தி குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அலங்காரப் பூவுக்கு ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் தட்டை வெளியே எடுத்தேன். நவம்பர் கடைசியில் 62 முளைத்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கிற நாட்கள். நாற்று ஒவ்வொன்றாகக் கழுத்தில் இற்றுச் சாய்ந்தது. நாற்றழுகல். பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினது. கண் முன்னால் நடக்கும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்கு நாளில் 28 போச்சு.

கையைக் கட்டிக்கொண்டு நின்ற என்னை அப்பாயி பார்த்தது.

"நீதான் ஊத்தி ஊத்திக் கொல்லுற. தலையில ஏன் ஊத்துற? அடியில குடு, வேணுங்கிறத அது குடிச்சுக்கும்."

ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, தட்டை அதில் கால் மணி நேரம் வைத்து எடுத்துக் காட்டியது. மேல்மண் காய்ந்தே இருந்தது, அடி மட்டும் ஈரம். அப்பா வயலுக்கு வாங்கி வைத்திருந்த சூடோமோனாஸிலிருந்து அரை ஸ்பூன் கலந்துகொண்டேன். அப்பாயி அதோடு விடவில்லை. எங்கள் வீட்டில் குடிதண்ணீர் மண்பானை ஜன்னலுக்குக் கீழே ஆற்று மணல் பரப்பி அதன் மேல்தான் இருக்கும். பானை கசிந்து மணல் எப்போதும் சில்லென்று இருக்கும். சின்ன வயதில் மே மாதம் நான் அங்கேதான் கன்னத்தை வைத்துப் படுப்பேன். பானையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "இங்க வெய்யி" என்றது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். திண்ணையைவிட 2 டிகிரி குறைவு. அதற்குப் பிறகு ஒரு நாற்றும் சாகவில்லை. கூடைப் பூவை ஈரச் சாக்குக்குள் நாள் முழுக்க வாடாமல் வைக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? நான்தான் முதலிலேயே கேட்கவில்லை.

ஜனவரி 7, 8 தேதிகளில் டெல்டாவில் கொட்டின மழை ஞாபகம் இருக்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த அதே சம்பா, அறுப்புக்கு நிற்கும்போது தண்ணீரில் சாய்ந்தது. பொங்கல் பேருக்குத்தான் வைத்தோம். பொங்கல் கழிந்து 34 நாற்றில் 30-ஐப் பைகளுக்கு மாற்றினேன். எங்கள் களிமண் இதற்கு ஆகாது, வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், மணல். சாய்ந்த கதிரை அள்ளிக் கட்டிவிட்டு வந்த அப்பா, நான் கேட்காமலே, செடி சாயாமலிருக்க மூங்கில் குச்சி சீவிக் கொடுத்தார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஒரு செடியின் நடுவில், இலைகளுக்கு மேலே, விரல் நீளத்துக்கு ஒரு தண்டு. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கத்தினதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு என்று கம்போடு வந்துவிட்டார்கள்.

30-ல் 19 தண்டு விட்டது. மீதி 11 பழைய கோஸ் கதைதான். ஏப்ரல் நடுவில் முதல் பூ. ரிசப்ஷனில் பார்த்ததில் பாதி உயரம்கூட இல்லை, ஒரு அடி, ஒன்றேகால் அடி. சூட்டில் அவசரப்பட்டுப் பூத்துவிடும், காம்பு நீளாது. ஆனால் நிறம்! மொட்டில் பச்சை, பிறகு ஓரத்தில் மட்டும் மை தடவின மாதிரி, பிறகு திருகிவிட்ட துணி பிரிகிற மாதிரி ஒவ்வொரு இதழாகப் பிரிந்து முழு ஊதா. அந்த ஏப்ரலில் தமிழ்நாடே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. இது பாட்டுக்கு விரிந்தது.

எப்போது வெட்டுவது என்பதில் எனக்கும் அப்பாயிக்கும் சண்டை. மல்லி என்றால் விடியற்காலையில் மொட்டாகப் பறிக்க வேண்டும், சாயங்காலம் தலையில் விரிய வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. லிசியாந்தஸுக்கு நேர்மாறு. ஒரு பூவாவது முழுசாக விரிந்து, மற்றது மொட்டாக இருக்கும்போதுதான் வெட்ட வேண்டும்.

"பூத்தப்பறம் வெட்டுறதா? பூத்தா பழைய பூ ஆச்சே, யாரு வாங்குவா?"

"இத யாரும் வாங்க வேணாம் அப்பாயி."

மொத்தம் 14 காம்பு வெட்டினேன். விதை, பை, உரம், வலை எல்லாம் சேர்த்து செலவு 1,600 ரூபாய்க்கு மேல். ஒரு காம்பு நூறு ரூபாய்க்கு மேல் அடக்கம்! வீட்டில் வளர்த்து விற்று லட்சாதிபதி ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்டுப்பூவுக்கு ஓசூரும் நீலகிரியும் கொடைக்கானலும் இருக்கின்றன. அங்கே மலைக்காற்று இலவசம். இங்கே நமக்கு ஃப்ரிட்ஜும் அம்மாவின் திட்டும்.

சரி, இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

தாத்தா 1998-ல் போய்விட்டார். நான் பார்த்ததில்லை. கூடத்தில் இருக்கிற அவர் போட்டோவுக்கு தினம் ஒரு சின்ன சரம் உண்டு. அம்மாவுக்கு உண்டு, எனக்கு உண்டு. தினம் மூட்டை மூட்டையாகப் பூ கட்டுகிற அப்பாயிக்குக் கிடையாது. எனக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது ஒருநாள், அது மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் போய்க் கொண்டையில் ஒரு துண்டு கனகாம்பரத்தைச் செருகிவிட்டேன். அப்பாயி திட்டவில்லை. மெதுவாக எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று. அந்தத் திரும்பிப் பார்த்ததுதான் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு தடவை தைரியமாகக் கேட்டேன், கடைசியாக எப்போது பூ வைத்தாய் என்று. காரியத்துக்கு முந்தின நாள் ராத்திரி என்றது. சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பந்து வாங்கி வந்து தலை கொள்ளாமல் வைத்தார்களாம், கை நிறைய வளையல் போட்டார்களாம். "கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பூ இல்ல பாப்பா" என்றது. விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். சொல்லும்போதும் கை நாரை முடிந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள், வைத்துக்கொள் என்று நான் பேசிப் பார்த்ததுண்டு. மேடைப் பேச்சு மாதிரி. "நாளைக்குப் பூ வாங்க வர்றவ முகத்த சுளிச்சா எனக்குத்தானே போச்சு" என்று முடித்துவிட்டது. ஊருக்கு மங்கலமாகப் பூ விற்க வேண்டும், அதற்குத் தான் பூ இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு இன்றும் புரியவில்லை, கோபம்தான் வருகிறது.

முதல் காம்பை வெட்டின அன்று ராத்திரி, வியாபாரம் முடிந்து வந்த அப்பாயி கை கால் கழுவிவிட்டுப் பாட்டில் முன்னால் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இது தலையில வெக்கிற பூ இல்லையே?"

"இல்ல. நிக்காதுன்னு நீதான சொன்ன."

"சாமிக்கு?"

"வாசனை இல்ல. சீமைப் பூ. யாரும் சாமிக்குப் போட மாட்டாங்க."

"மாலைக்கும் ஆவாது."

"ஆவாது."

தலையை ஆட்டிக்கொண்டது. எழுந்து போய்ப் பரண் மேலிருந்து தன் கல்யாணச் சீர் பித்தளைச் சொம்பை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தது. மூன்று காம்பை எடுத்து அதில் வைத்தது. ஒன்றை உயரமாக, ஒன்றைச் சாய்த்து, ஒன்றைப் பின்னால். மண்டபத்துப் பையன் தோற்றான். அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தினம் காலையில் அதுவே தண்ணீர் மாற்றியது, காம்பை நுனியில் சாய்வாகக் கொஞ்சம் வெட்டிவிட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழாம் நாள் பெரிய அத்தை வந்தாள். உள்ளே போனவள் மாடத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கட்டில்கிட்ட பூ?" என்றாள், குரலை ஒரு மாதிரி இழுத்து. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பாயி வெற்றிலை மடித்துக்கொண்டே, "உன் மருமவ காலேசுல பரிச்சைக்கு வளக்கிறா. எத்தினி நாள் தாங்குதுன்னு நாந்தான் கணக்கு வெக்கணுமாம்" என்றது. அத்தை "ஓகோ" என்று காபி குடிக்கப் போய்விட்டாள். அப்பாயி என் பக்கம் திரும்பவே இல்லை.

கணக்கு வைத்ததும் உண்மைதான். காலண்டரில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 13 கோடு. பத்தாம் நாளோ என்னவோ, "பூத்தப்பறமும் பழசாகலையே இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

பதினாலாம் நாள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தது. பரணில் ஏற்றவில்லை, மாடத்திலேயே வைத்துவிட்டது. சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் இறங்கும்போது திரும்பி, "அடுத்த தடவ வெள்ள வாங்கிடாத பாப்பா. இந்த ஊதாவே போடு" என்றது.